தோணிக்காரருக்குச் செய்தி கொடுக்க வேண்டாம்

ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு விரிவுரை நெருங்கும்போது லீவு போட வழி தேடுவேன். மற்றப் பாடங்களை நித்திரையிலும் நடத்திவிடுவேன். இதை மட்டும் யாராவது என் தலையில் இருந்து இறக்கிவைத்தால் அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம் போலிருக்கும். நடமாடும் கம்பியில்லா வலையமைப்புகளில் தீய கணுக்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பாடம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். போன் கோபுரம் இல்லாத ஓர் இடம், ஆட்களின் கையில் கருவிகள். ஒருவரின் குரல் தூரத்துக்கு எட்டாது, ஆகவே இடையில் நிற்பவர் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். அந்த அடுத்தவரும் ஓரிடத்தில் நிற்க மாட்டார், போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருப்பார். அப்படி ஒவ்வொரு கருவியும் ஒரு கணு. அதில் ஒன்று செய்தியை வாங்கி விழுங்கிவிட்டுச் சும்மா இருந்தால் அது தீய கணு. அதைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் அறிவித்து, வரிசையில் இருந்து வெட்டிவிட வேண்டும். பலகையில் வட்டம் வட்டமாகக் கீறி ஒரு வட்டத்தின் மேல் சிவப்பில் குறுக்குக் கோடு போடுவேன். பிள்ளைகளும் கொப்பியில் அப்படியே கீறுவார்கள். அவர்கள் கீறி முடித்ததும் அந்த வட்டத்தைத்தான் நான் முதலில் அழிப்பேன் என்பதை இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.

இந்தப் பாடத்தைப் புத்தகத்தில் படிக்க முதலே நான் செய்து முடித்துவிட்டேன். பலகையிலே வட்டத்தில் செய்யவில்லை. உயிருள்ள மனிதரில் செய்தேன்.

சுனாமிக் கடல் வந்துபோய் மூன்றாம் கிழமை. மட்டக்களப்பில், தேற்றாத்தீவுப் பக்கத்தில் ஒரு முகாமில் இருந்தோம். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும் மிச்சம். நான் ஏ.எல். சோதனை எழுதிவிட்டுக் கம்பஸ் அனுமதிக்குக் காத்திருந்தவள். இங்கிலீசில் நாலு வசனம் பேசுவேன் என்பதற்காக வெளிநாட்டு நிறுவனம் ஒன்று என்னைப் பிடித்து, கையில் ஒரு வோக்கி டோக்கியையும் ஒரு கொப்பியையும் தந்தது. போன் இல்லை, கோபுரம் இல்லை. கரையோரத்துச் சனத்தில் பாதிப்பேர் வாவியைக் கடந்து மேற்கே படுவான்கரைக்குப் போய், வெல்லாவெளிப் பக்கத்து முகாம்களில் கிடந்தார்கள். இன்ன முகாமுக்கு இன்ன சாமான் வருகிறது, இன்ன ஆளுக்குத் தர வேண்டும் என்று அங்கே சொல்ல வேண்டும். என் வோக்கி அவ்வளவு தூரம் எட்டாது. ஆகவே வரிசை பிடித்தோம். நான் தோணிக்காரருக்குச் சொல்வேன். தோணிக்காரர் அக்கரைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் சேருக்குச் சொல்வார். சேர் உள்ளே இருக்கும் முகாம்களுக்கு ஆள் அனுப்புவார்.

தோணிக்காரர் குருமண்வெளித் துறையில் மிசின் தோணி வைத்திருந்தவர். எங்கள் பக்கம் எழுவான்கரையில் ஆமி, படுவான்கரையில் இயக்கம், நடுவில் தண்ணீர், தண்ணீரின் மேல் இவர். இரண்டு பக்கமும் போய் வருகிறவரை இரண்டு பக்கமும் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் ஊரில் சோறு தின்னும் பிள்ளைக்கும் தெரியும். அதுவரை அவர் தப்பி வந்ததற்குக் காரணம் ஒன்றுதான். சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்க்கிறவர் என்ற பெயர். கலியாண வீட்டுச் செய்தியா, செத்த வீட்டுச் செய்தியா, அவரிடம் சொல்லிவிட்டால் போதும் என்பார்கள். அந்தப் பெயர் இருக்கும்வரைதான் அவருக்குத் தோணி, தோணி இருக்கும்வரைதான் வீட்டில் உலை.

எழுதப் படிக்க அவருக்கு அவ்வளவு வராது. நான் சொல்வதை ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்வார். பிறகு, "செரி புள்ள, கொண்டு போறன்" என்பார். ஒவ்வொரு காலையும் தோணியை இறக்க முதல் அவராகவே கூப்பிடுவார்: "என்ன புள்ள, எனக்கு ஏதும் இரிக்கா?" அந்தக் குரலைக் கேட்டால் முகாமில் என்னைச் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்கள். "ஒன்ட மாப்பிள்ள கூப்பிடுறாரு, போ" என்று பகிடி பண்ணுவார்கள். அவருக்கு என் அப்பாவின் வயது. அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது.

பிறகு செய்திகள் தொலையத் தொடங்கின. வெல்லாவெளிப் பக்கத்துக்கு அனுப்பிய பால்மா வேறொரு ஊருக்குப் போய்விட்டது. கைக்குழந்தைக்காரிகள் வெறுங்கையோடு நின்றார்கள் என்று கேள்விப்பட்டோம். நிறுவனத்துக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான்தானே வரிசையின் தலை? ஆரோ ஒருவர் விழுங்குகிறார், அவரைப் பிடித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். பெரிய இவள்!

ஒரு வழி கண்டுபிடித்தேன். எல்லாரும் ஒரே சனலில்தான், ஒரே அலைவரிசையில்தான், பேசுகிறோம். நான் ஒருவருக்குச் செய்தி சொன்னபின் வோக்கியை மூடாமல் காதில் வைத்துக்கொண்டிருந்தால், அவர் அடுத்தவருக்குச் சொல்வதும் எனக்குக் கேட்கும். கேட்டால் கொப்பியில் சரி. கேட்காவிட்டால் பிழை. மூன்று பிழை விழுந்தால் ஆளை மாற்ற வேண்டும். கூட்டத்தில் இதைச் சொன்னபோது வெள்ளைக்காரர் ஒருவர் எழும்பிக் கைதட்டினார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

எங்கள் கரையில் நின்றவர்கள் எல்லாருக்கும் சரி, சரி, சரி. தோணிக்காரர் என்னிடம் செய்தியை வாங்குவார், திருப்பிச் சொல்வார், "கொண்டு போறன்" என்பார். அதற்குப் பிறகு வோக்கியில் வெறும் இரைச்சல். காதை அழுத்தி வைத்துக்கொண்டு இருப்பேன். கால் மணித்தியாலம், அரை மணித்தியாலம், ஒரு சத்தமும் வராது. முதலாவது பிழையைப் பென்சிலால் போட்டேன். இரண்டாவதையும் பென்சிலால். மூன்றாவது விழுந்த அன்று சிவப்புப் பேனை எடுத்தேன்.

அவசரப்பட்டேன் என்று சொல்ல முடியாது. விசாரித்தேன். யாரிடம்? சேரிடம். அவர் படித்தவர், இங்கிலீசு தெரிந்தவர், கூட்டத்துக்கு அயன் பண்ணிய சேட்டோடு வருகிறவர். "சேர், தோணியில் இருந்து இந்த மூன்று செய்தியும் உங்களுக்கு வந்ததா?" என்று கேட்டேன். சேர் என் கொப்பியை வாங்கிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், திரும்பவும் பார்த்தார். "ஒண்டும் வரல்ல மகள். அந்த மனிசனில எனக்கும் ஒரு இதுதான்" என்றார். முடிந்தது விசாரணை.

அடுத்து நான் செய்ததை எழுத இருபது தரம் இருந்து எழும்பியிருக்கிறேன். வரிசையில் உள்ள எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக, திறந்த சனலில் அறிவித்தேன். அவருடைய பெயரை இரண்டு தரம் சொன்னேன், தெளிவாகக் கேட்க வேண்டும் என்று. "இனிமேல் இந்தத் தோணிக்காரருக்குச் செய்தி கொடுக்க வேண்டாம். செய்திகளை மறைக்கிறார்." இவ்வளவும்தான். பத்து வினாடி வந்திருக்காது. அந்தச் சனலை ஆமியும் கேட்கும், இயக்கமும் கேட்கும். அது தெரியாதவள் அல்ல நான். இரகசியம் ஒன்றும் பேசக்கூடாது என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்தவளே நான்தான். ஆனால் எனக்கு அது பால்மாச் சங்கதி. செய்தியை மறைக்கிறவன் என்ற சொல்லுக்கு எங்கள் மண்ணில் அந்தக் காலத்தில் என்ன அர்த்தம் என்று என் மண்டையில் ஏறவே இல்லை.

அவர் அந்த நேரம் வோக்கியை நிறுத்திவைத்திருந்தார் போல, அதைக் கேட்கவில்லை. மறுநாள் காலையும் கூப்பிட்டார்.

"என்ன புள்ள, எனக்கு ஏதும் இரிக்கா?"

"இல்ல, ஒண்டும் இல்ல" என்றேன்.

கையில் மூன்று செய்தி இருந்தது. அதற்கடுத்த நாளும் கேட்டார். அன்றும் இல்லை என்றேன். மூன்றாம் நாள் நிறுவனத்து வாகனத்தில் போய் இறங்கினேன், வோக்கியைத் திருப்பி வாங்குவதற்கு. அவர் சாரத் தலைப்பால் அதைத் துடைத்து, சொப்பிங் பேக்கில் சுற்றித் தந்தார்.

"மிசின் பழுதா புள்ள?"

"ஓம். திருத்தக் குடுக்கணும்."

"திருத்தினா மறுகா எனக்கே தாங்க, என்ன. கை பழகிட்டு."

தலையை ஆட்டினேன். வாகனத்தில் ஏறி அதை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் பக்கத்தில் ஒரு சின்ன ஆளி, தள்ளும் சுவிட்ச், இருந்தது. ஒரு முனையில் எச், மறு முனையில் எல். எங்கள் எல்லாருடையதும் எச் பக்கம் இருக்கும். இவருடையது எல் பக்கம் இருந்தது. தோணிக்காரருக்கு என்ன தெரியும், கைபட்டு மாறியிருக்கும் என்று நினைத்தேன். நகத்தால் அதை எச்சுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த ஆளுக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் செய்திகள் தொலைந்துகொண்டுதான் இருந்தன. கொப்பியில் காரணம் என்ற இடத்தில் 'காலநிலை' என்று எழுதினேன்.

அவருடைய தோணியில் சனம் ஏறுவது குறைந்தது. பிறகு நின்றது. துறையில் தோணியைக் கட்டிவிட்டு நாள் முழுக்க வெயிலில் குந்தியிருப்பாராம். ஏன் என்று அவருக்கு யாரோ ஒருவர் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு தடவை முகாமுக்கு என்னைத் தேடி வந்தார். நான் கம்பஸ் பதிவுக்காக மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருந்தேன். அன்று வந்தவர் பிறகு வரவில்லை. மறுபடி சண்டை மூண்ட வருடம், ஒரு மத்தியானம், துறையில் வைத்து இரண்டு பேர் அவரைக் கதைக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. அவரும் திரும்பி வரவில்லை.

கேள்விப்பட்டபோது நான் கம்பஸில் இரண்டாம் வருடம். மனம் கஷ்டப்பட்டது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கும் எனக்கும் முடிச்சுப் போடவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவர், அப்படித்தான் முடியும் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், இறுதி வருட ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பே என் கொப்பி விளையாட்டுத்தான். அதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. காவல் நாய் முறை. நாய்தான், சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த வருடம். வடக்கே முடிந்துவிட்டதென்று டவுனில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். நான் கதவு சாத்திய நூலகத்தில் ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன். காவல் நாய் முறையின் குறைகள் என்று ஒரு பகுதி. அதில் ஓர் இடத்தில் ஒரு சங்கதி வருகிறது. இடையில் நிற்கும் கணு தன் சக்தியைக் குறைத்து அனுப்பினால், பக்கத்தில் நிற்கும் அடுத்த கணுவுக்கு அது கேட்கும், பின்னால் தூரத்தில் நின்று ஒட்டுக்கேட்கும் கணுவுக்குக் கேட்காது. ஆகவே ஒட்டுக்கேட்பவர் நல்ல கணுவைத் தீய கணு என்று எண்ணிவிடக்கூடும்.

எச் என்றால் கூட, எல் என்றால் குறைய. என் நகம்.

ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. வெளியே வந்து குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினேன், கழுவிக்கொண்டே நின்றேன். அக்கரைக்குக் கிட்டப் போனபிறகுதானே அவர் சேரைக் கூப்பிடுவார்? அங்கிருந்து எல்லில் பேசினாலே சேருக்குக் கணீரென்று கேட்கும். எனக்கு ஒரு மண்ணும் கேட்காது.

அந்த ஆய்வை நான் கிழித்துப்போட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. முடித்தேன். வகுப்புச் சித்தியோடு பட்டம் கிடைத்தது, வேலையும் கிடைத்தது. கணினியில் ஓடவிட்ட சோதனையில் சில நல்ல கணுக்களும் பிடிபட்டன. அதைப் பற்றி நான் எழுதிய வசனம் இன்னும் மனப்பாடம்: 'தவறாக இனங்காணப்பட்ட கணுக்கள் மிகச் சிலவே. இது ஏற்றுக்கொள்ளத்தக்க அளவாகும்.' என் கையால் எழுதியதுதான். யாரும் வற்புறுத்தவில்லை.

சேரைப் பிறகு ஒரு கலியாண வீட்டில் கண்டேன். கொஞ்சம் தடித்திருந்தார். பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் காலத்துக் கதை எல்லாம் கதைத்தார். நானே பேச்சோடு பேச்சாகப் பால்மாவை எடுத்தேன். அவர் சிரித்தார்.

"அதெல்லாம் வந்ததுதான் மகள். எங்கட ஊர்ச் சனமும் பசியில கிடந்தது. மொதல்ல எங்கட ஆக்களப் பாக்கத்தானே வேணும்? நீங்க சின்னப் புள்ள அப்ப, ஒங்களுக்கு விளங்காது."

"அப்ப தோணிக்காரர்?"

"ஆரு? ஆ, அவரா. பாவம், நல்ல மனிசன்" என்றார். பிறகு பாயசத்துக்குக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். நான் என் இலையை மூடிவிட்டு எழும்பி வந்தேன். அதற்குமேல் எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கடைசியில் ஒரு சனிக்கிழமை குருமண்வெளிக்குப் போனேன். தோணிக்காரரின் மனைவி வாசலில் இறால் உடைத்துக்கொண்டிருந்தார். என்னை யாரென்று தெரியவில்லை. சொன்னேன். கை நின்றது, பிறகு திரும்ப உடைக்கத் தொடங்கினார். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொப்பி, மூன்று பிழை, சேர், அந்த ஆளி. மூச்சு விடாமல் சொன்னேன்.

"அது சின்னதில வெச்சாத்தான் பட்டறி தாங்கும்" என்றார் அவர், தலை நிமிராமல். "ஒங்கட முகாமுக்கு வந்து சார்ச்சுப் போட ரெண்டு மணித்தியாலம் நிக்கணும். ரெண்டு ஓட்டம் போயிரும். அதுக்காக அவரே தட்டித் தட்டிப் பாத்துக் கண்டுபுடிச்சவர். ஒங்களோட கதைக்க மட்டும் பெரிசில வெப்பாரு. அக்கரைக்குக் கிட்டப் போய்ச் சின்னதில வெச்சுச் சொன்னாலும் சேருக்குக் கேக்குதுகா எண்டு எனக்கிட்டச் சந்தோசமாச் சொன்னவர்."

இறால் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"மறந்து போயிருவன் எண்டு போற வழியெல்லாம் சொல்லிச் சொல்லித்தான் போவாரு. நானும் தோணியில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம். வெல்லாவெளிப் பக்கத்து முகாம், பால்மா இருவது பெட்டி, கைப்புள்ளக்காரியளுக்கு மட்டும், வேற ஒருத்தருக்கும் குடுக்கக் கூடாது."

சொல் பிசகாமல் என் செய்தி. கொப்பியில் சிவப்புப் பிழை போட்ட மூன்றாவது செய்தி.

"அந்தப் பெரிய மனிசனுக்கிட்டப் போய்க் கேட்டீங்க" என்றார். "எங்கட மனிசனுக்கிட்ட ஏன் மிஸ் கேக்கல்ல? காலம காலம ஒங்களக் கூப்பிட்டுக் கதைச்ச மனிசன். கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாரு தானே?"

எத்தனையோ முறைகள் படிப்பிக்கிறேன். ஒட்டுக்கேள், எண்ணு, புள்ளி போடு, அறிவி, வெட்டு. அந்தக் கணுவிடமே ஒருதரம் கேட்டுப் பார் என்று ஒன்றிலும் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. தோணிக்காரர்தானே என்ற எண்ணம்தான், வேறொன்றும் இல்லை.

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஏதோ சொன்னேன். அழுதேன் என்றும் நினைக்கிறேன். அவர் அழவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து முதல் தரமாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"ஊருக்குள்ள இண்டைக்கும் என்னப் பாத்து, காட்டிக் குடுத்தவன்ட பொஞ்சாதி எண்டுதான் சொல்றாங்க. மகளுக்கு ரெண்டு சம்மந்தம் வந்து கிறுகிப் போயிட்டு. அண்டைக்கு நீங்க எல்லாருக்கும் கேக்கத்தானே சொன்னீங்க? இண்டைக்கு எனக்கு மட்டும் வந்து சொல்றீங்க. எனக்கெதுக்கு மிஸ் இது? எனக்கு அப்பவே தெரியும்."

"என்ன செய்யணும் சொல்லுங்க."

"படிச்ச ஆள் தானே, எழுதுங்க. எல்லாரும் பாக்க, அவர்ட பேரப் போட்டு எழுதுங்க."

எழுதுகிறேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு வந்தேன்.

இதுதான் அது. எழுதி முடித்துத் திருப்பி வாசித்துப் பார்க்கிறேன். சேரின் ஊரைப் போடவில்லை, அவருக்கு ஆட்கள் இருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்று ஊகிக்கவும் இல்லை, அவர்களுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு வேலை இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பயம்தான். வேறு நல்ல காரணம் ஒன்று கிடைக்குமா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அன்றைக்கு அவருடைய பெயரை இரண்டு தரம் சொன்னேன், எல்லோருக்கும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று. இதில் ஒரு தரமும் சொல்லவில்லை.